பிளேட்டா, ஆணியா

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆணிக்காரர், இன்னொருவர் பிளேட்டுக்காரர். இந்தப் பெயர்களை வைத்தது நான்தான். ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸுக்கு அந்த அளவு உரிமைகூட இல்லையென்றால் எப்படி? விஷயம் அவர்கள் காதுக்கும் போய்விட்டது. கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், இருவருக்கும் உள்ளூர ஒரே பெருமை.

வேறொன்றுமில்லை, இடுப்புக்குப் பக்கத்தில் தொடை எலும்பு ஆரம்பிக்கிற இடத்தில் உடைந்துவிட்டால், அதைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. இரண்டிலும் எலும்பின் உருண்டைத் தலைக்குள் ஒரு பெரிய ஸ்க்ரூ போகும். அந்த ஸ்க்ரூவின் மறுமுனையை எது தாங்குவது என்பதில்தான் தகராறு. பிளேட்டு என்றால் தொடை எலும்பின் வெளிப்பக்கம் ஓர் உலோகப் பட்டையைப் பதித்துச் சின்னச் சின்ன ஸ்க்ரூக்களால் முடுக்குவது. ஆணி என்றால் எலும்பின் பொந்துக்குள்ளேயே ஒரு கம்பியை இறக்குவது, குடைக்குள் கம்பி இருக்கிற மாதிரி. எது உசத்தி என்று கேட்டுவிட்டால் போதும், இரண்டு டாக்டர்களும் டீ ஆறிப்போகிற வரை பேசுவார்கள். நானும் சளைக்காமல் பேசுவேன். நான் ஆணிக் கட்சி. பிளேட்டு போட்ட இரண்டு மூன்று பேருக்கு ஸ்க்ரூ நழுவி மறுபடி தியேட்டருக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தவள். பார்த்ததை மறக்கச் சொன்னால் எப்படி மறப்பது?

இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வை ஆரம்பித்தார்கள். சம்மதிக்கிற நோயாளிக்கு எதைப் போடுவது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். நோயாளியை மயக்கிப் படுக்கவைத்த பிறகு ஆய்வு ஆபீசுக்குப் போன் செய்தால் ‘பிளேட்டு’ அல்லது ‘ஆணி’ என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். டாக்டர் எந்தக் கட்சியாக இருந்தாலும் வந்ததைத்தான் போடவேண்டும். நோயாளிக்குச் சொல்லக் கூடாது. நடக்கவைக்கிற பிசியோவுக்கும் சொல்லக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் அல்லவா? பிளேட்டுக்கு நீளமாக ஒரு வெட்டு, ஆணிக்குச் சின்னதாக இரண்டு மூன்று வெட்டு. அதை வைத்து யாரும் ஊகிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் இடுப்பிலிருந்து பாதித் தொடை வரை ஒரே மாதிரி கட்டு. தியேட்டருக்குள் இரண்டு சாமான் பெட்டிகளும் போகும், ஒன்றுதான் திறக்கப்படும். இதையெல்லாம் நடைமுறைப்படுத்தியது நான். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று எல்லாரையும் மிரட்டி வைத்திருந்ததும் நான்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் என் அக்கா விழுந்தாள்.

அக்கா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே சமையல். என் யூனிஃபாரத்தை வாரா வாரம் லாண்டரிக்கு எடுத்துக்கொண்டு போனவள், ஒருநாள் வந்து உட்கார்ந்து, “ஏண்டி, நான் லாண்டரிக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்” என்றாள். குழம்புக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. துணி போடப் போனவள் மனசையும் சேர்த்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அறுபத்து மூன்று வயதில் முதல் கல்யாணம். அந்த மனுசருக்கும் முதல் கல்யாணம்தான். இத்தனை வருஷமாக இஸ்திரிப் பெட்டியைத் தவிர வேறு எதையும் ஏறிட்டுப் பார்த்ததில்லையாம்.

சந்தோஷமா என்று கேட்டால், சந்தோஷம்தான். பொறாமையா என்று கேட்டால், அதுவும்தான். இத்தனை வருஷம் என்னோடு இருந்தவளை ஒரு மூட்டைத் துணிக்குப் பதிலாகத் தூக்கிக்கொண்டு போகிறாரே என்று இருந்தது. “இனிமே அவரை அத்தான்னு கூப்பிடு” என்றாள் அக்கா. “முதல்ல ரிஜிஸ்டர் ஆகட்டும், பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, லாண்டரியில் இருவரும் ஒரு பெரிய படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்களாம். அவர் ஏதோ சொல்ல, இவள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓர் எட்டு வைக்க, அங்கே தரை ஈரம். அவர் விரிப்போடு சேர்த்தே அக்காவைத் தூக்கி வண்டியில் வைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. “என் கடையிலதான் விழுந்தாங்க, என் கடையிலதான்” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தேன். எலும்பு சாய்வாக, மோசமாக உடைந்திருந்தது.

வலிக்கு ஊசி போட்டு அக்காவைக் கட்டிலில் கிடத்தியதும் அவள் முதலில் பேசியது கல்யாணத்தைப் பற்றி.

“அவர் வீடு கடைக்கு மேல, ரெண்டாவது மாடி. லிப்ட் கிடையாது” என்றாள். “என் கால்ல நான் ஏறிப் போனாத்தான் கல்யாணம். இல்லேன்னா வேணாம்.”

“நான் கீழயே வந்துடறேன். கடைக்குள்ள ஒரு கட்டில் போட்டுக்குவோம்” என்றார் லாண்டரிக்காரர்.

“நீராவிக்கு நடுவுல குடும்பம் நடத்தறதா? அதெல்லாம் முடியாது. நான் உங்களுக்குப் பொண்டாட்டியா வரேன். நோயாளியா வந்து சேரமாட்டேன்.”

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். தபால் ஆபீசில் சரியாக ஒட்டாத உறையை அமைச்சரே கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அடுத்த குண்டையும் அவளே போட்டாள். ஆய்வுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாளாம். “எதைப் போட்டாலும் ஜனங்க நடக்கறாங்கதானே? என்னால உங்க சண்டை தீரும்னா தீரட்டும்” என்றாள்.

நான் நேராக ஆணிக்காரரிடம் ஓடினேன். அன்றைக்கு ஆபரேஷன் அவருடையது.

“டாக்டர், என் அக்காவைச் சீட்டுக் குலுக்கல்ல விடாதீங்க. ஆணியே போட்டுடுங்க. நீங்களும் ஆணிதானே?”

“நான் ஆணிதான், சிஸ்டர். ஆனா உங்க அக்கா சம்மதம் சொல்லியாச்சு. அவங்க காலு, அவங்க முடிவு. நீங்க இன்னிக்கு தியேட்டருக்குள்ள வரவே கூடாது.”

என் தியேட்டருக்குள் நான் வரக் கூடாதாம். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அடுத்தபடியாக இருக்கிற சின்ன சிஸ்டர்தான் அன்றைக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வெளியே பெஞ்சில் லாண்டரிக்காரர் உட்கார்ந்திருந்தார். அந்த விரிப்பு இன்னும் அவர் மடியில் இருந்தது, அவரே தனியாக மடித்திருக்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக ஆயிற்று என்று ஆணிக்காரர் வந்து சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை. எது போட்டார்கள் என்று தெரியவேண்டும். டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மெல்ல நழுவி, சாமான் கழுவுகிற அறைக்குப் போனேன். கழுவுகிறவரிடம் ஏதோ சாக்குச் சொல்லி நின்றேன். சற்று நேரத்தில் தள்ளுவண்டி வந்தது. மேலே இருந்தது பிளேட்டுப் பெட்டி. திறந்து, நனைந்து, உபயோகித்த சாமானோடு.

பிளேட்டு. என் அக்காவுக்குப் பிளேட்டு. அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

மறுநாளே பிசியோ வந்து அக்காவை எழுப்பி நிற்கவைத்தாள். இளவயசுப் பெண்தான், ஆனால் கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. “முழு பாரமும் போடுங்கம்மா, உள்ள வெச்சது தாங்கும், பயப்படாதீங்க” என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் குனிந்து அக்காவின் காதில், “முழுசாப் போடாதே. பாதி போதும். நான் சொல்றதைக் கேளு” என்றேன். காரணம் சொல்லவில்லை, சொல்லக் கூடாதே. அக்கா கேட்டுக்கொண்டாள். எலும்பு விஷயத்தில் என் வார்த்தையை அவள் தட்டியதே இல்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் அப்படியே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். எழுந்தால் பிடித்தேன், நடந்தால் அடக்கினேன். “மெதுவா, மெதுவா” என்று சொல்லிச் சொல்லி என் நாக்கே தேய்ந்துபோனது. லாண்டரிக்காரர் தினமும் மத்தியானம் வந்து, அக்கா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுத் துணியையெல்லாம் இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். கைக்குட்டைக்குக்கூட மடிப்பு விழுந்தது. ஒருநாள் அவர் போன பிறகு அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அந்த மாடி என்னால ஆகாதுடி. வேணாம்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன்” என்றாள்.

அப்படியென்றால் என்னோடே இருந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதைத் தோன்றவில்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

தையல் பிரிக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோ அக்காவை நடக்கவிட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வந்த ஆணிக்காரரைக் கூப்பிட்டாள்.

“எக்ஸ்ரே எப்படி இருக்கு டாக்டர்?”

“ரொம்ப நல்லா இருக்கு. ஏன்?”

“அப்ப இவங்க ஏன் காலை ஊன மாட்டேங்கறாங்க? கண்ணாடி மேல நடக்கற மாதிரி நடக்கறாங்க.”

அக்கா வெள்ளந்தியாக, “தங்கச்சிதான் பாதி பாரம் போதும்னு சொன்னா” என்றாள்.

அறையில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முழி பிதுங்கிவிட்டது. ஆணிக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அங்கே சின்ன சிஸ்டர் கட்டுத்துணி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“ஏன் சிஸ்டர் அப்படிச் சொன்னீங்க?”

மென்று முழுங்கிப் பார்த்தேன். முடியவில்லை. “பிளேட்டு போட்டிருக்கீங்க டாக்டர். உடைஞ்சிருக்கிற சாய்வுக்கு அது நழுவும்னு எனக்குப் பயம். பெட்டியை நான் பார்த்தேன். கழுவற ரூம்ல.”

 சின்ன சிஸ்டர்தான் கட்டுத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“நீங்க அங்க போய் எட்டிப் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். உங்களை எனக்கு இன்னிக்கு நேத்தா தெரியும்? அதனால அன்னிக்கு ரெண்டு பெட்டியையும் திறந்து, ரெண்டையும் நனைச்சு, ரெண்டையும் அனுப்பிட்டேன். இன்னொண்ணு கீழ்த்தட்டுல இருந்திருக்கும். குனிஞ்சு பார்க்கலையா?”

குனிந்து பார்க்கவில்லை. குனிந்து பார்க்கிற பொறுமை இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? என் முகத்தில் வழிந்த அசட்டைத் துடைக்க அந்தக் கட்டுத்துணி முழுவதும் போதாது.

“பிளேட்டு வேணுமானாலும் இருக்கட்டும், ஆணி வேணுமானாலும் இருக்கட்டும், நான் சொல்லமாட்டேன்” என்றார் டாக்டர். “ஒண்ணு மட்டும் சொல்றேன். ஸ்க்ரூ முனை எலும்புத் தலைக்கு நட்ட நடுவுல ஆழமா போய் உக்காந்திருக்கு. எதைப் போட்டாலும் அதுதான் முதல்ல முக்கியம். அது சரியா இருக்கிறப்ப நடக்காம வெச்சிருக்கறதுதான் தப்பு. உங்க அக்காவுக்கு இப்ப நோய் காலுல இல்ல, பக்கத்துல.”

பக்கத்தில் என்றால் நான்தான். கோபம் வரவேண்டிய இடம், ஆனால் வரவில்லை. உள்ளே போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். 

“அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?”

“இல்லக்கா.”

“இத்தனை நாளா நான் இந்தச் சட்டத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதது உன் மூக்கு உள்ள நுழைஞ்சதாலயா?”

“ஆமாக்கா.”

“வீட்டுக்கு வா, உன்னை வெச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, காலை ஊன்றினாள். முழுசாக ஊன்றினாள். முகம் கொஞ்சம் சுளித்தது. அடுத்த காலை எடுத்து வைத்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு, அந்த விரிப்பு மடித்தபோது அப்படித்தான் சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். பிசியோ கை தட்டினாள்.

அன்றிலிருந்து அக்காவைப் பிடிக்க ஆளில்லை. காலையில் வீட்டுக்குள் நடை, மாலையில் தெருவில் நடை. நடைச்சட்டம் போய்க் கைத்தடி வந்தது. நான் பக்கத்தில் போனால் தடியை என் பக்கமாக நீட்டுவாள், எட்ட நில் என்று. லாண்டரிக்காரர் தெருமுனையில் காத்திருந்து, அவள் வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு நாளும் ஏதோ பரீட்சையில் தேறியவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார். குளிக்க அவளே போவாள், கதவை அவளே சாத்துவாள். ஒருநாள் காலுறை மாட்ட முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தழும்பு தெரியும், ஒரு வெட்டா மூன்று வெட்டா என்று தெரியும், கட்சிச் சண்டையே தீரும். நான் காலுறையை மாட்டிவிட்டு, பாவாடையை இழுத்துவிட்டுவிட்டு எழுந்தேன். என்னையே எனக்கு நம்ப முடியவில்லை.

மாடி ஏறிப் பழக ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டுக்குப் பிசியோ கூட்டிப் போனாள். அங்கே வந்து நின்றார் பிளேட்டுக்காரர், கையில் காப்பியோடு.

“நடையைப் பாருங்க. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. இது பிளேட்டு நடை.”

பக்கத்தில் ஆணிக்காரர். அவருக்குத்தான் உண்மை தெரியும். ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே, காப்பிக்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், உதடு துடித்தது.

“பதில் சொல்ல மாட்டேங்கறார் பார்த்தீங்களா? அப்ப பிளேட்டுதான்” என்றார் பிளேட்டுக்காரர்.

அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். “ரெண்டு பேரும் கொஞ்சம் வழி விடறீங்களா? இது என் நடை” என்றாள். இரண்டு பெரிய டாக்டர்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள்.

ரிஜிஸ்டர் ஆபீசில் பெயர் கொடுத்திருந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லாண்டரிக்குப் போனோம். கடை மூடியிருந்தது. உள்ளே சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூடும் இன்னும் மிச்சம் இருந்தன. மாடிப்படி கடைக்குப் பின்னால். குறுகலான, செங்குத்தான படி. எங்கள் ஆஸ்பத்திரிப் படியெல்லாம் இதன் முன்னால் சும்மா. லாண்டரிக்காரர் படி முழுவதையும் துடைத்து, காயவைத்து, அதற்குமேல் மறுபடியும் துணியால் ஒற்றி எடுத்திருந்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“இன்னிக்கு முடியலேன்னா இன்னொரு நாள்” என்றார்.

“இன்னிக்கு முடியலேன்னா இல்லவே இல்ல” என்றாள் அக்கா. “நீங்க மேல போய் நில்லுங்க. என்னைப் பார்க்காதீங்க.”

அவர் மேலே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கா ஒரு கையில் தடி, ஒரு கையில் கைப்பிடி. நான் பின்னால், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு. அவள் திரும்பாமலே, “கையை எடு” என்றாள். எடுத்தேன். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள், மூச்சு வாங்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு ‘மெதுவா’ என்று சொல்ல வாய் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் மறுபடி ஏறினாள். கடைசிப் படிக்கு வந்ததும் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலை மட்டும் நம்பி, தன்னந்தனியாக ஓர் எட்டு வைத்து மேலே போய் நின்றாள்.

“திரும்புங்க” என்றாள் அவரிடம்.

அவர் திரும்பினார்.  கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி, கல்யாணம் பண்ணிக்கலாம்” என்றாள்.

நான் நடுப்படியிலேயே நின்றுவிட்டேன். எத்தனையோ பேரை எழுப்பி நடக்கவைத்திருக்கிறேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. கண் மறைத்தது. என் அக்கா இனி என் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள். எனக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன, இரண்டையும் நிறுத்த முடியவில்லை.

“என்னடி, ஏற முடியலையா?” என்று மேலேயிருந்து குரல் கேட்டது.

“மூச்சு வாங்குதுக்கா” என்றேன்.

அவளுக்குத் தெரியாதா என்ன? தடியை அவரிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, அடிபட்ட காலை முதலில் கீழே வைத்து, சொல்லிக்கொடுத்தபடியே ஒழுங்காக, ஒவ்வொரு படியாக என்னை நோக்கி இறங்கி வந்தாள். பக்கத்தில் வந்ததும் மற்றக் கையை நீட்டினாள்.

“முழு பாரத்தையும் போடு, தாங்கும்” என்றாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.